எல்லையோரத்துப் பேச்சை ஆராய ஆசை: எம்.ஏ. தமிழா, மொழியியலா?

சித்தூர்க்காரி:

வணக்கம். எனக்குப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பி.ஏ. தமிழ் கடைசி வருடம். இங்கே மொழியியல் படித்தவர்கள் சிலர் எழுதுகிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாடத்தில் இருக்கிற இலக்கியம் எனக்குப் பிடிக்காமல் இல்லை, ஆனால் மனது போவதெல்லாம் ஊர்ப் பேச்சின் பக்கம்தான். எங்கள் பஞ்சாயத்துக்குள்ளேயே தோட்டத்து வீட்டுப் பேச்சு ஒரு மாதிரி, காலனிப் பேச்சு ஒரு மாதிரி. பஸ் ஏறிப் பாலக்காடு போனால் கல்பாத்தி அக்கிரகாரத்தில் வேறு தமிழ். அட்டப்பாடிக்குப் போனால் இருளர் பேச்சு. எல்லாரும் மலையாளமும் பேசுகிறோம், ஆனால் எல்லா இடத்திலும் பேசுவதில்லை, யாரிடம் எப்போது எதில் பேசுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் படிக்க வேண்டும் என்று ஆசை.

ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் வீட்டுக்காரர்கள், செக்ரட்டரியும் அப்படித்தான். வரிசையில் நிற்கும்போது தவிட்டு விலை, மழை, கல்யாணப் பேச்சு எல்லாம் தமிழில் ஓடும். ஒரு நாள் ஒரு பெரியவர் பாலுக்கு ஃபேட், அதாவது கொழுப்புச் சத்து, குறைவாகக் காட்டியது. அதுவரை செக்ரட்டரியை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று "சாரே" என்று ஆரம்பித்து முழுக்க மலையாளத்தில் வாதாடினார். செக்ரட்டரியும் மலையாளத்திலேயே பதில் சொன்னார். மறுபடி சாம்பிள் எடுத்துப் பார்த்தார்கள், புத்தகத்தில் எழுதினார்கள். எழுதி முடித்ததும் பெரியவர் தூக்குப்போசியைக் கையில் எடுத்துக்கொண்டே "சரி மாப்பிள்ளை, சாயங்காலம் வீட்டுப் பக்கம் வா" என்றார், தமிழில். இரண்டு பேரும் சொந்தக்காரர்கள், இரண்டு பேருக்கும் இரண்டு மொழியும் சரளம். அப்புறம் ஏன் நடுவில் மட்டும் மாறினார்கள்?

இதை வைத்து ஒரு ப்ராஜக்ட் செய்யட்டுமா என்று கல்லூரியில் ஒரு ஆசிரியரிடம் கேட்டேன். அது கலப்புத் தமிழ், அதில் ஆராய என்ன இருக்கிறது, ஒரு நாவலை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை.

இதற்கு எம்.ஏ. தமிழ் போதுமா, மொழியியலா, இல்லை சமூகவியல், மானிடவியல் பக்கம் போக வேண்டுமா? எங்கே நன்றாகச் சொல்லித் தருகிறார்கள்? அப்பா பி.எட். போட்டுவிட்டு மற்றதைப் பார் என்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரியவட்டம்:

உங்கள் பால் சொசைட்டி சமாச்சாரத்தைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். இதே காட்சி சமூக மொழியியலில், அதாவது சமூகத்தில் மொழி புழங்கும் விதத்தை ஆராயும் துறையில், பெயர் பெற்ற ஒரு ஆய்வில் இருக்கிறது. யான் பெட்டர் ப்ளோம், ஜான் கம்பர்ஸ் இருவரும் வடக்கு நார்வேயில் ஹெம்னஸ்பெர்கெட் என்ற சிற்றூரில் கவனித்து 1972ல் வெளியிட்டது. அங்கே ஊர் வட்டாரப் பேச்சு ஒன்று, பள்ளிக்கூடமும் சர்க்காரும் பேசுகிற பொது வழக்கு ஒன்று. ஊர் அலுவலகத்துக்கு வருகிறவர் குமாஸ்தாவிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பது வட்டாரப் பேச்சில், வந்த வேலையைப் பேசத் தொடங்கியதும் பொது வழக்கில். ஆள் மாறவில்லை, இடம் மாறவில்லை, ஆனால் அந்த நிமிடத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் யார் என்பது மாறிவிடுகிறது. மாப்பிள்ளை சாராக ஆனதும் மொழி மாறியதும் ஒரே நொடியில் நடந்ததை நீங்களே பிடித்திருக்கிறீர்கள். ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

துறைப் பெயர்களைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஜோஷுவா ஃபிஷ்மன் 1965ல் எழுதிய ஒரு கட்டுரைக்குத் தலைப்பே யார் எந்த மொழியில் யாரிடம் எப்போது பேசுகிறார் என்பதுதான், உங்கள் கேள்வியும் அதுவே. அதை அணுகுவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று எண்ணிப் பார்ப்பது. வில்லியம் லபோவ் 1962ல் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார், ஒன்று பணக்காரர் போகும் கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு விலைக் கடை. நாலாவது மாடியில் இருக்கிற ஏதாவது ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரிடம் கேட்பார், அவர்கள் "நாலாவது மாடி" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்த இரண்டு சொல்லிலும் 'ர்' ஒலி வருகிறதா இல்லையா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். காதில் விழாத மாதிரி மறுபடி கேட்பார், இரண்டாவது தடவை அவர்கள் அழுத்தித் திருத்தமாகச் சொல்வார்கள் அல்லவா, அதையும் குறிப்பார். இப்படி 264 பேர். கடையின் அந்தஸ்து ஏற ஏற அந்த 'ர்' கூடியது. இது ஒரு வழி.

இன்னொன்று உட்கார்ந்து பார்ப்பது. டெல் ஹைம்ஸ் தொடங்கி வைத்த வழி. இலக்கணம் பிசகாமல் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, எப்போது வாயைத் திறக்கலாம், எப்போது மூட வேண்டும், பெரியவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதும் சேர்ந்ததுதான் ஒரு மொழியைத் தெரிந்திருப்பது என்றார். மானிடவியல் பக்கம் இதை மொழிசார் மானிடவியல் என்பார்கள். நீங்கள் சொசைட்டியில் நின்று பார்த்தது இந்த வகை. நம் பக்கத்து ஆட்களும் இதில் முன்னோடிகள்தான். வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் சேர்ந்து தென்னிந்தியச் சாதிவழக்குகளை ஒப்பிட்டு 1964ல் எழுதியிருக்கிறார்கள், மு. சண்முகம் பிள்ளை தமிழ் உறவுமுறைச் சொற்கள் சாதிக்குச் சாதி எப்படிப் பிரிகின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்.

இப்போது படிப்பு. எம்.ஏ. மொழியியல்தான் என் சிபாரிசு. பெரும்பாலான இடங்களில் எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம். உங்களுக்குப் பக்கம் கோவை பாரதியார் பல்கலைக்கழகம், தெற்கே போனால் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம், நான் படித்தது அங்கேதான். அந்தத் துறையைக் கட்டியெழுப்பிய வ.அய். சுப்பிரமணியம்தான் பிறகு 1981ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தரானார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மொழியியலில் பழைய பேர். வெளியே போக முடியுமென்றால் ஹைதராபாத், புனே டெக்கான் கல்லூரி, டெல்லி ஜே.என்.யூ. இருக்கின்றன. பேரைப் பார்த்துச் சேராதீர்கள். சிலபஸைத் திறந்து களப்பணிக்கென்று தனித் தாள் இருக்கிறதா, சமூக மொழியியலை யார் எடுக்கிறார், அவரிடம் படித்தவர்கள் என்ன தலைப்பில் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன், முதல் வருடம் முழுக்க ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல் என்று ஒலி, சொல், வாக்கியம் இவற்றின் அமைப்பாகத்தான் போகும். சமூகமும் பண்பாடும் எங்கே என்று தேடுவீர்கள். பொறுத்துக்கொண்டு அதைக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் ஊர் விஷயத்தில் அது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. நார்வே ஊரைவிட உங்கள் ஊர் கடினம். தமிழும் மலையாளமும் இவ்வளவு நெருங்கியிருக்கும்போது ஒருவர் எந்த இடத்தில் மாறினார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? பெயர்ச்சொல் பாதி இரண்டிலும் ஒன்று. வினைமுற்றைப் பார்த்தால் பிடிபடும், தமிழில் வந்தேன், வந்தான், வந்தார்கள் என்று விகுதி வரும், மலையாளத்தில் ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. ஆனால் வினையே வராத வாக்கியம் என்றால்? பேச்சின் ராகத்தை, குரல் ஏறி இறங்கும் விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் காதும் பழக வேண்டும், கருவியும் பழக வேண்டும்.

நகரித்தறி:

உங்கள் சித்தூர் வேறு, எங்கள் சித்தூர் வேறு, ஆனால் பாடு ஒன்றுதான். நான் ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம் நகரி. தறிக்காரக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. பன்னிரண்டு கிலோமீட்டர், பதினைந்து கிலோமீட்டர் போனால் தமிழ்நாடு, அங்கே பள்ளிப்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கிறவர்கள் ஏராளம். திருத்தணி 1960 ஏப்ரல் வரை ஆந்திராவில்தான் இருந்தது. எல்லைத் தகராறில் படாஸ்கர் தீர்ப்பு வந்து எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு ஒரு எழுத்து, அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இன்னொரு எழுத்து. என் தம்பி வாட்ஸ்அப்பில் நல்ல தமிழில்தான் பேசுவான், எழுதுவது தெலுங்கு எழுத்தில். நான் தமிழ் எழுத்தைப் பெரிய வயதில் சொந்தமாகப் படித்துக்கொண்டேன். இதையெல்லாம் கலப்பு, கொச்சை என்று ஒதுக்கினால் அப்புறம் எங்கள் ஊரில் யாருடைய பேச்சை ஆராய்வது?

காரியவட்டம் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சார், மாப்பிள்ளை என்று உறவு மாறியதால் மொழி மாறியது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சொசைட்டிப் புத்தகம் எந்த மொழியில் இருக்கிறது? மலையாளத்தில்தானே. ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), ரேட்டு சார்ட், சாம்பிள் எடுக்கிற முறை இவற்றையெல்லாம் அந்தப் பெரியவர் முதன்முதலில் கேட்டதே மலையாளத்தில் இருந்திருக்கலாம், பயிற்சி முகாமில், யூனியன் ஆள் வந்து பேசும்போது. அப்படியானால் அந்த விஷயமே அவருக்கு மலையாளத்தோடு ஒட்டிப் பிறந்தது. எங்கள் ஊரில் தறி முதலாளியிடம் கூலிக் கணக்குப் பேசும்போது அப்படித்தான் ஆகும், முதலாளியும் தமிழாளாக இருப்பார், கணக்கு மட்டும் தெலுங்கில் நடக்கும், அதில் மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை, எண்களைத் தெலுங்கில் படித்ததுதான் காரணம். ஆகவே இரண்டு காரணத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி செய்யுங்கள். கணக்குப் புத்தகமே இல்லாத இடத்தில் சண்டை வந்தால் என்ன ஆகிறது? வேலந்தாவளம் காய்கறிச் சந்தை உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே விலைத் தகராறில் இரண்டு தமிழாட்கள் மலையாளத்துக்குப் போகிறார்களா என்று பாருங்கள். போனால் காரியவட்டம் சொல்வது சரி. போகாவிட்டால் புத்தகம்தான் காரணம் என்று நான் சொல்வதற்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும்.

அப்புறம் குப்வார் ஆய்வைத் தேடிப் படியுங்கள். மகாராஷ்டிராவில் சாங்கிலி மாவட்டம், கர்நாடக எல்லையோரம். கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971ல் வெளியிட்டது. கன்னடம், மராத்தி, உருது, கொஞ்சம் தெலுங்கு எல்லாம் ஒரே ஊரில். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து பழகியதில் வாக்கிய அமைப்பு எல்லா மொழியிலும் ஒன்றுபோல் ஆகிவிட்டது, சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தாலே மொழிபெயர்ப்பு ஆகிவிடும் அளவுக்கு. ஆனால் மொழிகள் கலந்து ஒன்றாகவில்லை. ஏன் என்றால் வீட்டுக்குள் அவரவர் சாதிக்கு அவரவர் மொழி, அதை யாரும் விட்டுத் தரவில்லை. நம் ஊர்களுக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

நான் படித்தது குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம். 1997ல் ஆந்திர அரசு தொடங்கியது, தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா மூன்றும் கூடச் சேர்ந்தது. ஹாஸ்டலில் ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் கன்னடம், நடுவில் நாங்கள். வெளியே டீக்கடைக்குப் போனால் அதே மூன்று மொழி. வகுப்பில் படித்ததைச் சாயங்காலமே காதால் கேட்கலாம் என்பது வேறு எந்த வளாகத்திலும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

வண்டித்தாவளம் டீச்சர்:

கண்ணு, நானும் உன் தாலுகாதான். தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு எடுக்கிறேன். மேலே எழுதியவர்கள் ரெண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் உன் அப்பா சொல்வதை ஒதுக்கிவிடாதே. இங்கே தமிழ் டீச்சர் வேலைக்கு எம்.ஏ. மொழியியல் உதவாது, தமிழ் டிகிரி, பி.எட்., கே-டெட் என்கிற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு என்றுதான் கேட்பார்கள். உனக்கு பி.ஏ. தமிழ் இருக்கிறது, முதலில் பி.எட். முடித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் மொழியியலுக்குப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. பெண் பிள்ளைக்கு ஊரில் ஒரு வேலை கைவசம் இருந்தால் ஆராய்ச்சியை யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. நீ கேட்கிற கேள்வி தினமும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. புதிதாகச் சேர்கிற பிள்ளை வீட்டில் ஒரு தமிழ் பேசும், டிவியில் ஒரு தமிழ் கேட்கும், தெருவில் மலையாளம், புத்தகத்தில் இன்னொரு தமிழ். புத்தகம் மாநிலப் பாடத்திட்ட அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி. போடுவது, கணக்கும் அறிவியலும் மற்ற மீடியத்துப் பிள்ளைகள் படிக்கிற அதே பாடம் தமிழில் வருகிறது. அந்தத் தமிழில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பிள்ளை, உங்கள் வீட்டு மாடு கன்று போட்டதைச் சொல்லு என்று வீட்டுப் பேச்சில் கேட்டதும் சீம்பால் கறந்தது, கன்று எழுந்து நின்றது, பாட்டி யாருக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள் என்று நிறுத்தாமல் சொன்னது, வரிசை தப்பாமல், காரணம் சொல்லி. அறிவியல் பாடத்துக்கு வேண்டியது அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. அதிலிருந்து புத்தகத் தமிழுக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் பிள்ளைகள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவு செய்து, அலசி, ஒரு வழி சொல்லக்கூடிய ஆள் வேண்டும். அது நீயாக இருந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று. அரசியல் சாசனத்தில் 350ஏ என்று ஒரு பிரிவு, 1956ல் ஏழாவது திருத்தத்தில் சேர்த்தது, சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ல் வந்தது, தமிழும் கன்னடமும் பேசுகிறவர்கள் அவரவர் மொழியில் சர்க்காருக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியில் கிடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? ஏன் எழுதுவதில்லை? பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார், வாயால் தமிழில் சொல்வார்கள், அவர் மலையாளத்தில் எழுதுவார், கேட்டால் அப்போதுதான் வேலை நடக்கும் என்பார்கள். சட்டத்தில் இருக்கிற உரிமை ஏன் பேனா முனை வரைக்கும் வரவில்லை என்பதும் மொழி ஆராய்ச்சிதானே.

பழசையும் விட்டுவிடாதே. நம் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காடு டவுன் மலபார் ஜில்லா, சென்னை மாகாணம். 1956 நவம்பர் 1ல் கேரளம் உண்டான பிறகுதான் ரெண்டும் ஒரே மாநிலம் ஆனது. வயதானவர்களிடம் பேசும்போது அவர்கள் எந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், எந்த மொழியில் படித்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்.

சித்தூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. டீச்சர், மனு எழுதுகிறவர் பற்றிச் சொன்னது மனதில் அப்படியே நிற்கிறது, எங்கள் பஞ்சாயத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

நகரி அண்ணா, நீங்கள் சொன்ன சந்தை யோசனை நல்லது, ஆனால் ஒரு சந்தேகம். சந்தைக்குக் கோயம்புத்தூர், பொள்ளாச்சி வியாபாரிகளும் வருவார்கள், அவர்கள் முன்னால் மலையாளம் பேசினால் அவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவும் இருக்கலாம் அல்லவா? அது மூன்றாவது காரணமாகிவிடும்.

காரியவட்டம், இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ரெக்கார்டு செய்கிறோம் என்று தெரிந்தால் யாரும் இயல்பாகப் பேச மாட்டார்கள், தெரியாமல் செய்தால் தப்பு. என்ன செய்வது? டீச்சர் வேலை தவிர இந்தப் படிப்புக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

காரியவட்டம்:

உங்கள் மூன்றாவது காரணத்தை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுத் திட்டம் எழுதும்போது உதவும். யார் காதில் விழுகிறது என்பதும் பேச்சைத் தீர்மானிக்கும். நகரித்தறி சொன்ன புத்தகக் காரணத்தையும் ஏற்கிறேன், அது இருக்கத்தான் வாய்ப்பு. ஆனாலும் "சாரே" என்று கூப்பிட்டது புத்தகத்தில் இல்லையே, அந்த ஒரு இடத்தில் நான் என் கருத்தை விடுவதாக இல்லை.

ரெக்கார்டிங் பற்றி. யாரும் பார்க்காதபோது மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, இந்த முரணுக்குப் பெயர் வைத்தவரே லபோவ்தான். அவர் கண்ட வழி, செத்துப் பிழைத்த அனுபவம் உண்டா என்று கேட்பது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஆள் மைக்கை மறந்துவிடுவார். மலம்புழை, வாளையார் பக்கம் என்றால் யானை வந்த ராத்திரியைக் கேளுங்கள். உங்கள் கிழக்குப் பகுதி வறண்ட பூமி, போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனதைக் கேட்டால் போதும், வீட்டில் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே வருவார், உங்களுக்கு வேண்டியதே அந்தக் குறுக்குப் பேச்சுதான்.

தெரியாமல் பதிவு செய்யவே செய்யாதீர்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை. செக்ரட்டரியிடம் முதலில் சொல்லுங்கள், பிறகு பால் ஊற்றுகிறவர்களிடம். ஒப்புதல் தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள், எந்த மொழித் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதுகூட உங்களுக்குத் தகவல். ஃபேட் தகராறு, கடன், குடும்பச் சண்டை இந்த மாதிரி வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி கேளுங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம், சின்ன ஊரில் இன்னாருடைய மாப்பிள்ளை, இத்தனை மாடு என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும். முதல் சில வாரம் ரெக்கார்டரே வேண்டாம், நோட்டுப் புத்தகம் மட்டும். யார் பேச்சைத் தொடங்கியது, எப்படிக் கூப்பிட்டார், பக்கத்தில் யார் இருந்தார், எந்த வார்த்தையில் மொழி மாறியது, இதை வீட்டுக்கு வந்த சூட்டோடு எழுதிவிடுங்கள், ராத்திரி வரைக்கும் வைத்தால் பாதி மறந்துபோகும். பிறகு பதிவு செய்யும்போது வேவ் ஃபைலாக (ஒலியைச் சுருக்காமல் சேமிக்கிற வகை) செய்யுங்கள், போனில் இரைச்சலைக் குறைக்கிற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது ஒலியையும் சேர்த்து வெட்டிவிடும். ஒலியை அலசுவதற்கு பிராட், எழுத்தில் பெயர்த்து நேரம் போட்டுக் குறிக்க ஈலான், இரண்டும் இலவச மென்பொருள், இப்போதே இறக்கி உங்கள் பாட்டி பேச்சை வைத்துப் பழகலாம்.

வேலை. கல்லூரி ஆசிரியர் பக்கம் போக, அதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் மொழியியல் தனிப் பாடமாகவே இருக்கிறது, ஆனால் துறைகள் குறைவு, இடம் காலியாவதும் எப்போதோ. மைசூரில் 1969ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் திட்டப் பணிகள் வரும், ஒப்பந்த வேலைதான். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் செய்கிற கம்பெனிகளுக்கு இப்போது ஆள் தேவை, இந்திய மொழிகளுக்கான மத்திய அரசின் பாஷிணி மொழிபெயர்ப்புத் திட்டத்துக்கும் குரல் தரவு சேகரித்தார்கள், நான் இருப்பதும் அந்த மாதிரி வேலையில்தான். அங்கே ஒன்றைக் கவனித்தேன், தமிழ் என்று வருகிற குரல்கள் சென்னை, மதுரை, கோவை என்றே குவிகின்றன. சித்தூர், மூணாறு, நகரி ஆட்கள் பேசினால் மென்பொருள் தடுமாறுகிறது. பாதிப் பேச்சை மலையாளம் என்று நினைத்துக்கொள்கிறது, அல்லது விட்டுவிடுகிறது. உங்கள் ஊர்ப் பேச்சு தெரிந்து, ஒலியியலும் தெரிந்த ஆள் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தால் எவ்வளவோ சரிசெய்யலாம். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். டீச்சர் சொன்ன மாதிரி பி.எட். முதலில் முடிப்பதிலும் எனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் நடுவில் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சித்தூர்க்காரி:

அப்பாவிடம் பேசினேன். பி.எட். முதலில், பிறகு கோவையோ காரியவட்டமோ என்றால் சரி என்கிறார். செக்ரட்டரியிடமும் சொல்லியிருக்கிறேன், நோட்டில் எழுதுவதற்கு அவருக்கு மறுப்பில்லை, ரெக்கார்டிங் என்றால் கமிட்டியில் வைக்க வேண்டும் என்றார். டீச்சர், உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து கேட்க முடியுமா?

வண்டித்தாவளம் டீச்சர்:

தாராளமாக வா. ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரத்திலேயே வந்துவிடு. புதுப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சோடு வருவார்கள், ஓணப் பரீட்சைக்குள் நிறைய மாறிவிடும், பிந்தி வந்தால் அந்த முதல் பேச்சு உனக்குக் கிடைக்காது. ஹெட்மாஸ்டருக்குக் கல்லூரியில் இருந்து ஒரு கடிதம் வாங்கி வா. சின்னப் பிள்ளைகள் என்பதால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டம் கூட்டும் நாளை நான் இங்கேயே எழுதுகிறேன், அன்றைக்கே எல்லாரிடமும் பேசி வாங்கிவிடலாம்.